ஆயா நின்ற இடம்

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பிறர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். என் அம்மாவைப் பெற்றவள் இரண்டு ஆயாவாகவும் இருந்தாள். உழவர்கரையிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, ஒரு மணி நேரம் நடந்து, பட்டணத்தில் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பிரெஞ்சுக்கார வீட்டில் பிள்ளை வளர்த்தாள். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறி, அந்தக் குடும்பம் கப்பலேறும்வரை அதுதான் அவள் வேலை.

அந்த நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. பேசினால் கடற்கரையில்தான் ஆரம்பிப்பாள். “சாயங்காலம் காத்து வாங்கப் போவோம். மதாம் ஒக்காருவா. சின்னது அவ மடியில. பெரிசு மணல்ல ஓடும். நான் நிப்பேன்.”

“நீயும் உட்காரக் கூடாதா ஆயா?”

“கூடாதுன்னு யாரு சொன்னா? ஒக்காந்துட்டா எப்டி ஓடிப் புடிக்கிறது?”

சிறுமியாக இருந்தபோது இந்தப் பதிலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, முதுகலை படிக்கும்போது, நூலகத்தில் ஒரு ஓவியப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள் கடற்கரையைத் தீட்டிய படங்கள். வெள்ளைக் குடைகள், காற்றில் உப்பிய பாவாடைகள், வைக்கோல் நாற்காலிகள். பக்கம் பக்கமாக மதாம்கள். எதிலாவது ஆயா இருக்கிறாளா என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது.

முதலில் அந்தக் கடற்கரையைப் பார்க்கலாம். பிரான்சின் வடக்கே, நார்மாண்டியில், த்ரூவில் ஒரு மீனவ ஊர். பாரிஸ் மருத்துவர்கள் நரம்புத் தளர்ச்சிக்கும் இரத்தசோகைக்கும் கடல் குளியலை மருந்தாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். 1863இல் பாரிசிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. பிறகு மருந்து தேவைப்படாதவர்களும் வந்தார்கள். மாமன்னன் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி தன் தோழிகளோடு அந்த மணலில் நடந்துபோவதை, அதே 1863இல், எய்ஜென் பூதேன் என்ற ஓவியர் ஒரு சிறிய படமாகத் தீட்டினார்.

பூதேன் பக்கத்து ஊரான ஓன்ஃப்ளேரில் பிறந்தவர். தகப்பன் கடலோடி. இவரும் பத்து வயதில் நீராவிப் படகில் எடுபிடி வேலை பார்த்தவர். கடலை வேலையாக அறிந்த மனிதர், கடலை வேடிக்கையாகப் பார்க்க வந்தவர்களைத் தீட்டித்தான் வயிற்றைக் கழுவினார். அவருடைய த்ரூவில் படங்கள் சுவரை நிறைப்பவை அல்ல. சிறிய பலகைகளில் பாதிக்குமேல் வானம். கீழே ஒரு கோடு போல மனிதர்கள். அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். அப்போதைய நாகரிகப்படி பாவாடைக்குள் எஃகு வளையங்களால் ஆன கூண்டு. அந்தக் கூண்டோடு நாற்காலியில் உட்காருவதே ஒரு வித்தை. மணலில் தரையோடு உட்காருவதை நினைத்தே பார்க்க முடியாது. குளிக்க வேண்டுமென்றால் சக்கரம் வைத்த மர அறைக்குள் போய், கம்பளித் துணியில் தைத்த சட்டையும் காற்சட்டையும் மாற்றி, குதிரை இழுத்துப் போய்த் தண்ணீரில் விட, படிக்கட்டில் இறங்க வேண்டும். அதற்கென்று கூலிக்கு இருக்கும் ஆள் பிடித்து அலையில் முக்கி எடுப்பான். பூதேன் படங்களில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் தண்ணீரில் இல்லை. உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கிறார்கள், பார்க்கப்படுகிறார்கள்.

இதைச் சுகம் என்று சொல்வதா என்று எனக்கு நெடுநாள் குழப்பம். குடையின் கோணம், கையுறை, முகத்திரை, யாரோடு பேசலாம், யாருக்குத் தலை அசைத்தால் போதும் என்று அந்த மாலை முழுக்க ஒழுங்குகள். கணவனுடைய வருமானத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து காட்டுவது மனைவியின் உடல். ஆனால் அதற்காக அவளைப் பார்த்து இரக்கப்பட்டு நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் உட்கார்ந்திருப்பதற்காக யாரோ நின்றுகொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியுமே.

பூதேனுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. 1867இல் பிரித்தனிப் பகுதியில் ஏழை உழவர்களிடையே சில நாட்கள் இருந்துவிட்டு த்ரூவிலுக்குத் திரும்பியவருக்கு, அந்தப் பகட்டுக் கூட்டத்தைத் தீட்டுவதே வெட்கமாகப் பட்டதாக நண்பருக்கு எழுதினார். மறு ஆண்டே, வேலை முடிந்து சூரியன் மறைவதைப் பார்க்க வரும் நடுத்தர மக்களும் ஓவியத்துக்கு உரியவர்கள்தானே என்று தன் தரப்பை நியாயப்படுத்தியும் எழுதினார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அந்தப் படங்கள் விற்றன என்பதும் உண்மை. பின்னாட்களில் அதே த்ரூவிலில், தூக் ஆற்றின் கரையில் மண்டியிட்டுத் துணி அடித்துத் துவைக்கும் பெண்களை அவர் திரும்பத் திரும்பத் தீட்டினார். குடை பிடித்தவர்களின் வெள்ளை உடுப்பை யார் வெளுத்தார்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். இரண்டு வகைப் படங்களையும் அருகருகே மாட்டி நான் எங்கும் பார்த்ததில்லை.

மூன்று படங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1870 கோடையில் க்ளோத் மொனே த்ரூவிலில் இருந்தார். ஜூன் மாதக் கடைசியில்தான் கமீயை மணந்திருந்தார். அவர்களுடைய மகனுக்கு அதற்குள் மூன்று வயது ஆகப்போகிறது. அந்தக் கோடையில் தீட்டிய ஒரு படம் இப்போது லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. இடப்பக்கம் வெள்ளை உடுப்பில் குடையோடு கமீய். வலப்பக்கம் கறுப்பு உடுப்பில் இன்னொரு பெண் செய்தித்தாள் படிக்கிறாள். நடுவில் ஒரு காலி நாற்காலி. அந்தப் படத்தின் சாயத்தில் மணல்துகள் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கேயே காற்றில் வைத்துத் தீட்டியதற்கு அது சாட்சி. அந்த ஜூலையில் பிரஷ்யாவோடு போர் மூண்டது. கமீய் ஒன்பது ஆண்டுகளில், 32 வயதில், நோயில் இறந்துபோனாள். எனக்கு அந்தக் கறுப்பு உடுப்புக்காரியைத்தான் பிடிக்கும். கடலையும் பார்க்காமல், நம்மையும் பார்க்காமல், யாருக்கும் காட்சியாக இராமல் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது எத்கார் டெகாவினுடையது. 1869–70 வாக்கில் தீட்டியது. இதில்தான் நான் தேடிய ஆள் கிடைத்தாள். படத்தின் நடுவே ஒரு சிறுமி மணலில் மல்லாந்து கிடக்கிறாள். பக்கத்தில் அவளுடைய குளியல் உடுப்பு காய்கிறது. பணிப்பெண் ஒருத்தி உட்கார்ந்து அவளுக்குத் தலை வாருகிறாள். வேறு ஓவியர்களின் படங்களில் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பியாக மட்டும் தெரிகிற ஆயா இங்கே நடுவில் இருக்கிறாள். கடல் அவளுக்குப் பின்னால். அவள் கண் அந்த முடியில். பிறகு ஒரு செய்தி படித்தேன். இந்தப் படம் கடற்கரையில் தீட்டியதே அல்லவாம். ஓவியக் கூடத்தின் தரையில் தன் கம்பளிச் சட்டையை விரித்து, அதன்மேல் உருவமாதிரியை உட்காரவைத்துத் தீட்டியதாக டெகாவே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த ஓய்வு, அந்தச் சோம்பல், அந்தக் கடல் காற்று எல்லாமே பாரிசில் நான்கு சுவருக்குள் கூலிக்கு வந்த ஒருத்தி அசையாமல் இருந்து கொடுத்தது.

மூன்றாவது ஒரு பெண்ணுடையது. பெர்த் மொரிசோவும் அக்கா எத்மாவும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். பாரிசின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை என்பதால் தனி ஆசிரியர்களிடம்தான் கற்க முடிந்தது. 1869இல் எத்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து லொரியான் துறைமுக ஊருக்குப் போனாள். தூரிகையைக் கீழே வைத்தாள். அந்தக் கோடையில் அவளைப் பார்க்கப் போன பெர்த், துறைமுகத்தின் கல்சுவர்மேல் குடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காளைத் தீட்டினாள். நேற்றுவரை ஓவியராக இருந்தவள் இன்று படத்துக்குள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்ட என் தோழிகள் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1875இல், புதிதாக மணமான பெர்த் கணவன் எய்ஜென் மனேவோடு இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போனாள். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் ஒரே புலம்பல். படகில் உட்கார்ந்தால் எல்லாம் ஆடுகிறது. வயலில் பலகையை நிறுத்தினால் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமிகள் சூழ்ந்துகொண்டு கூச்சல் போடுகிறார்கள். நிலத்துக்காரர் வந்து யாரைக் கேட்டு இங்கே நின்றாய் என்கிறார். வெளியில் நின்று வேலை செய்ய முயன்ற எந்தப் பெண்ணுக்கும் இது பழகிய கதை. கடைசியில் அவள் விடுதி அறைக்குள் வந்து, கணவனை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்துத் தீட்டினாள். அவன் திரும்பி வெளியே பார்க்கிறான். வெளியே வேலிக்கு அப்பால் ஒரு சிறுமியும் ஒரு பெண்ணும் தன்போக்கில் கடலோரம் நடந்து போகிறார்கள். இத்தனை கடற்கரைப் படங்களில், ஆணை உட்காரவைத்துப் பெண் பார்க்கிற படம் இது.

பிறகு அவளுக்கு மகள் பிறந்தபோது, அந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூலிக்கு அமர்த்திய செவிலித்தாயையும் அவள் தீட்டினாள். அமெரிக்கக் கலைவரலாற்றாளர் லிண்டா நோக்லின் 1988இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதிய கட்டுரை என்னை உலுக்கிவிட்டது. தோட்டத்தில் ஓய்வாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் அந்தப் பெண் அப்போது வேலையில் இருக்கிறாள். தீட்டுகிற பெண்ணும் வேலையில் இருக்கிறாள். ஒருத்தி பாலை விற்கிறாள், ஒருத்தி படத்தை. ஆயாவின் சம்பளத்தில்தான் அம்மா ஓவியரானாள் என்றும் அதைச் சொல்லலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அங்கே யூஜெனி மணலில் நடந்த அதே 1860களில் இங்கே புதுச்சேரியிலும் ஒரு கடற்கரை உருவாகிக்கொண்டிருந்தது. கூர் ஷப்ரோல் என்று பெயரிட்ட கடற்கரைச் சாலை. இன்று கூபேர் சாலை. 1836இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் ஏற்கெனவே இருந்தது. 1866இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. அதுவரை கப்பலிலிருந்து இறங்கும் துரைமார்களைத் தையல் போட்ட சலங்குப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, மணலில் இறக்கிவிட்டவர்கள் நம் மீனவர்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைப் பட்டணம், மேற்கே கறுப்புப் பட்டணம். எங்கள் உழவர்கரையோ அதற்கும் மேற்கே. ஏரி, வயல், மண்வழி. 1880இல் கொம்யூன்கள் அமைத்தபோது அது ஒரு தனிக் கொம்யூன் ஆனது. ஊர்ப்பெயரில் கரை உண்டே தவிர, அது வயற்காட்டுக் கரை.

அந்தக் கடற்கரைப் பட்டணத்துக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கள் பக்கத்திலிருந்துதான் போனது. கடலோரக் கிணறுகளில் உப்பு. பொறியாளர் லமைரெஸ் உழவர்கரைப் பக்கத்து முத்திரப்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான் இன்று பாரதி பூங்காவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம். சுற்றுலா வருகிற எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் சொல்லப்படுகிற கதை இது. விசயநகர அரசன் ஒருவன் இந்த வழியாகப் போகும்போது, விளக்குகள் ஒளிரும் ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டான். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு இடிக்கச் சொன்னான். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள்.

கும்பிட்டது அவன் தவறு. வீடு போனது அவளுக்கு. சின்ன வயதில் இந்தக் கதையை தியாகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது தண்டம் என்றுதான் படுகிறது. அந்தக் குளத்து ஊரின் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கூர் ஷப்ரோலில் மாலைக் காற்று வாங்கினார்கள்.

அதே ஆண்டுகளில் இந்தக் கரைக்கு வேறு பெண்களும் வந்தார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். 1853 மே மாதம் மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறைமுகத்தில் முதல் கப்பல் போய் நின்றது. அந்தக் கப்பலின் பெயர் ‘ஒரேலி’, பெண் பெயர். மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனதாகக் கணக்கு. ரெயூனியோனுக்குப் போனவர்கள் தனி. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஒவ்வொரு கப்பலிலும் பெண்கள் ஆண்களின் எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி. சில ஆண்டுகளில் அதை மூன்றில் ஒன்றாக உயர்த்த வேண்டும் என்றும் எழுதினார்கள். ஏன் போகிறாள், யாரை விட்டுப் போகிறாள் என்பதற்கு அந்த விதியில் இடமில்லை. விதவை, கணவனை விட்டு ஓடிவந்தவள், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவள் என்று யாராக இருந்தாலும் அந்த விகிதம் நிறைந்தால் கப்பல் கிளம்பும். அங்கே த்ரூவில் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெண்ணும், இங்கே மூட்டையோடு மணலில் குந்தி முறைக்குக் காத்திருந்த பெண்ணும் ஒரே மாமன்னனின் ஆட்சியில் இருந்தவர்கள். அவளைத் தீட்ட யாரும் வரவில்லை. குறைந்தபட்சம் அந்தப் புத்தகங்களில் அவள் இல்லை.

1887இல் போல் கோகன் மார்த்தினிக் போனார். சேன்-பியேருக்குப் பக்கத்தில், கடலோரம் ஒரு குடிசையில் சில மாதங்கள் இருந்து, தலையில் பழக்கூடை சுமந்து போகும் கறுப்பினப் பெண்களைத் தீட்டினார். பின்னணியில் நீலக் கடல். அதில் ஒரு படத்தை வின்சென்ட் வான்கோவின் தம்பி தியோ 400 பிராங்குக்கு வாங்கினார். அந்தக் கூலிப் பெண்கள் ஒருநாள் கூடைக்கு என்ன பெற்றார்கள் என்று எந்தப் படக்குறிப்பும் சொல்லாது. 34 ஆண்டுகளுக்கு முன் ‘ஒரேலி’ வந்து நின்ற அதே கடலோரம்தான். அந்தத் தீவின் கரும்புக் காட்டில் அப்போது தமிழ் பேசிய பெண்கள் வெட்டுக்குப் பின்னால் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீண்டும் பூதேன். 1881இல் அவர் பெர்க் என்ற ஊரின் கடற்கரையில் மீனவப் பெண்களைத் தீட்டினார். மனே 1873இல் தன் மனைவியையும் தம்பியையும் மணலில் உட்காரவைத்துத் தீட்டியதும் அதே பெர்க்தான். பூதேனின் பெண்கள் வெள்ளைத் தொப்பியும் கனத்த பாவாடையுமாகக் கூட்டமாக மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பார்வைக்கு அதுவும் ஓய்வு போலத்தான் இருக்கும். வைத்திக்குப்பத்துக்கோ வீராம்பட்டினத்துக்கோ காலையில் போனவர்களுக்குத் தெரியும், அப்படி உட்கார்ந்திருப்பது எதற்கென்று. படகு வருகிற வரையில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, கண்ணை மட்டும் அலையில் வைத்திருப்பார்கள். படகு தட்டியதும் ஏலம். பிறகு கூடை தலைக்கு ஏறும். என் சின்ன வயதில் உழவர்கரைத் தெருவில் பத்து மணிக்கு வரும் மீன்காரம்மா அந்தக் கரையிலிருந்து நடந்தே வந்தவள். ஆயாவும் அவளும் எதிரெதிர்த் திசையில் அதே சாலையை நடந்திருக்கிறார்கள். பேரம் பேசி முடித்தபின் இருவரும் திண்ணையில் கால் நீட்டி உட்காருவார்கள். அந்த அரைமணி நேரத்தில் யாரும் ஆயாவைக் கூப்பிட முடியாது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடற்கரை என்று வாய்த்தது வருடத்தில் ஒரு நாள். மாசி மகம். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்கு வரும். புளிச்சோற்றுத் தூக்கோடு தெருவே கிளம்பும். அன்றைக்கு மட்டும் ஆயா சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். அலை வந்து மோதும்போது வாய்விட்டுக் கத்துவாள். நனைந்த சேலையோடு ஆண்கள் நடுவில் நடந்து வருவாள், சாமி பேரைச் சொல்லி. காரணம் கேட்க ஆள் இல்லை. கம்பளிக் காற்சட்டையும் சக்கர அறையும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு சாமி வேண்டியிருந்தது.

இன்று கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகள் போவதில்லை. பெண்கள் நடக்கிறார்கள், கல்லின்மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலில் கல்லைக் கொட்டியபின் வடக்கே மணல் போய்விட்டது. ஆயா பிள்ளை துரத்திய மணல் இப்போது பாறை. இன்று உழவர்கரை நகராட்சிக்குள் வரும் காலாப்பட்டுப் பக்கத்தில், பிள்ளைச்சாவடியில், கடல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே மீன் காயவைக்க இடமில்லாத பெண்களிடம் கடற்கரை உலா பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆயாவுக்கு எண்பது தாண்டியபின் ஒருநாள் அவளை ஆட்டோவில் வைத்துக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். நாற்பது வருடமாகச் சும்மா போனதில்லை என்றாள். பழைய பாலம் 1952 புயலில் போன இடத்தைக் கை நீட்டிக் காட்டினாள். உட்கார இடம் பார்த்துத் துண்டை விரித்தேன். உட்கார்ந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து.

“இப்படித் திரும்பு ஆயா. கடல் அந்தப் பக்கம்.”

“தெரியும். அந்தப் பச்சச் சட்டைப் புள்ள கல்லுமேல ஏறுது பாரு. யாரும் பாக்கல.”